கிராயான் மேட்டுநிலமும் லோங் மிடாங் ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்னியோ தீவின் நடுப்பகுதியில், இந்தோனேசியாவும் மலேசியாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கிராயான் என்று ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் லோங் மிடாங். இதைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊர் எங்கதான் இருக்கு? மேப்பில் தேடினா வெறும் பச்சையாத்தான் தெரியுது.

பச்சையாகத்தான் தெரியும், சுற்றிலும் காடு. இந்தோனேசியாவின் வடக்குக் கலிமந்தான் மாகாணம், நுனுக்கான் மாவட்டம். இந்த மாகாணமே 2012ல்தான் உருவானது. அதன் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கிராயான் இருக்கிறது. மேற்கே மலேசியாவின் சரவாக், வடக்கே சபா, தெற்கே காயான் மெந்தாராங் தேசியப் பூங்கா. பெரிய ஊர் என்று சொன்னால் லோங் பவான். விமான ஓடுதளம், கடைகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் அங்கே. அங்கிருந்து எல்லைப் பக்கம் சுமார் பத்து கிலோமீட்டர் போனால் லோங் மிடாங். அதைத் தாண்டினால் சரவாக்கின் பா கெலாலான்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்றாலும் இரவில் போர்வை வேண்டும். மலைகளுக்கு நடுவே தட்டையான பள்ளத்தாக்குகள், அவற்றில் தண்ணீர் நிற்கும் வயல்கள், வயலோரம் மர வீடுகள். காட்டுக்கு நடுவே இப்படி ஒரு நெல் நிலம் இருக்கும் என்று படத்தைப் பார்க்கும்வரை பலர் நம்புவதில்லை.

அங்கே யாரெல்லாம் இருக்காங்க? தயாக் மக்களா?

தயாக் என்பது போர்னியோவின் பல பூர்வகுடிகளுக்கு வெளியார் வைத்த பொதுப்பெயர். கிராயானில் பெரும்பாலும் இருப்பவர்கள் லுன் தாயே மக்கள். இதே மக்கள் சரவாக் பக்கம் லுன் பவாங் எனப்படுகிறார்கள். பாரியோ பகுதியில் இருக்கும் கெலாபிட் மக்களும் இவர்களுக்கு நெருங்கிய சொந்தம். எல்லையின் இரு பக்கமும் பேச்சு புரியும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது இன்றும் நடக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

கிராயான் இப்போது ஐந்து வட்டாரங்கள். ஊர்கள் ரொம்பச் சின்னவை. முன்பு காட்டில் தள்ளித் தள்ளி இருந்த பல ஊர்களை அரசு ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் பார்ப்பதற்கு ஒரே ஊராகத் தெரியும் இடத்தில் இரண்டு மூன்று கிராமங்கள் தத்தம் பெயரோடும் தத்தம் தலைவரோடும் இருக்கும்.

ரோடே இல்லாத ஊருக்கு எப்படிப் போறது?

சின்ன விமானத்தில். தாராக்கான், நுனுக்கான், மாலினாவ் ஊர்களிலிருந்து லோங் பவானுக்குச் சுமார் ஒரு மணி நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் விமானம்தான். பையை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்குப் பயணம் இல்லை. அரசு மானியம் கொடுக்கும் பயணிச் சேவையும் உண்டு, சரக்கு ஏற்றவும் மானியம் உண்டு. மிஷனரி விமானங்களும் பல ஆண்டுகளாகப் பறக்கின்றன. ஆபத்தான நோயாளியைக் கீழே கொண்டுபோக இந்த விமானங்கள்தான் வழி.

மாலினாவிலிருந்து காட்டைக் குறுக்கே வெட்டி ஒரு சாலை நெடுங்காலமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பகுதி மண் பாதை. மழை பிடித்துவிட்டால் லாரிகள் சேற்றில் நாள்கணக்கில் நிற்கும். ஆகவே ‘ரோடே இல்லை’ என்பதும் முழு உண்மையில்லை, ‘ரோடு இருக்கிறது’ என்பதும் முழு உண்மையில்லை.

மலேசியப் பக்கமோ வேறு கதை. பா கெலாலானிலிருந்து லவாஸ் நகரம் வரை நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு நான்கு சக்கர ஜீப் போகும் பாதை இருக்கிறது. கிராயான் அடுப்பங்கரைக்குச் சாமான் வரும் வழி அதுதான்.

இந்தோனேசிய ஊரில் மலேசிய ரிங்கிட் செல்லுமாமே, அது தப்பில்லையா?

சட்டப்படி இந்தோனேசியாவுக்குள் ரூபியாதான். 2011ல் வந்த நாணயச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கடையில் இருக்கும் சர்க்கரை, எண்ணெய், பிஸ்கட், எரிவாயு சிலிண்டர், சிமென்ட் எல்லாம் மலேசியாவிலிருந்து வரும்போது கடைக்காரர் எதைக் கொடுத்து அடுத்த சரக்கை வாங்குவார்? அரிசியை விற்றவர் கையிலும் ரிங்கிட்தான் இருக்கும். இரண்டு பணமும் ஒரே கல்லாவில் கிடக்கும்.

இதைத் தேசப்பற்று இல்லாத செயல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. சொந்த நாட்டுச் சாமான் விமானத்தில் ஏறி வந்து இரண்டு மூன்று மடங்கு விலையில் நிற்கும்போது, பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வரும் சாமானை வாங்குகிறவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடான் அரிசி என்று சொல்றாங்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?

மணி சின்னது, பளபளப்பானது, சமைத்தால் மென்மையாக, லேசான மணத்தோடு இருக்கும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என மூன்று நிறம். இந்த உயரம், இந்தக் குளிர், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் இவையெல்லாம் சேர்ந்தால்தான் அந்த ருசி வரும் என்று விவசாயிகள் சொல்வார்கள். 2012ல் இந்தோனேசிய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது.

வருடத்துக்கு ஒரே போகம். நட்டு அறுக்க ஐந்து ஆறு மாதம் பிடிக்கும். ‘இரண்டு போகம் போடலாமே, குறுகிய கால ரகம் போடலாமே’ என்று வெளியிலிருந்து யோசனை வராத ஆண்டில்லை. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை, ஏனென்றால் அறுவடைக்குப் பிறகு வயல் சும்மா கிடப்பதில்லை. அப்போது அது எருமைகளுக்குச் சொந்தம்.

எருமை உழவுக்கா?

ஏர் பூட்டி உழுவதில்லை. அறுவடை முடிந்ததும் எருமைகளை வயலில் அவிழ்த்து விடுவார்கள். மாதக்கணக்கில் அவை தாளையும் களையையும் தின்று, சேற்றில் புரண்டு, சாணி போட்டு, மண்ணை மிதித்துக் குழைத்துவிடும். அடுத்த நடவுக்கு வயல் தயார். கடையில் வாங்கும் உரமும் களைக்கொல்லியும் இல்லாமல் விளைச்சல் தொடர்வதற்கு இதுதான் காரணம். நடவு தொடங்கியதும் எருமைகளை வேலிக்கு வெளியே ஓட்டிவிடுவார்கள். வேலி சரியில்லாமல் பக்கத்து வயலில் எருமை இறங்கிவிட்டால் ஊரில் பஞ்சாயத்துதான்.

வயலைத் தாண்டியும் எருமைக்கு மதிப்பு உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் சீரில் எருமை இருக்கும். அவசரத்துக்கு விற்றால் எல்லைக்கு அப்பாலும் நல்ல விலை போகும். பிள்ளையைக் கீழே நகரத்தில் படிக்க வைக்க எருமை விற்ற குடும்பங்கள் நிறைய.

கடல் பக்கத்திலேயே இல்லை, மலை மேல் உப்பு எப்படிக் கிடைக்கும்?

உப்பு என்றால் நமக்குத் தூத்துக்குடி உப்பளமும் வெயிலும்தான் ஞாபகம் வரும். இங்கே வெயிலை நம்ப முடியாது, விறகைத்தான் நம்ப வேண்டும். பூமிக்கடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறி வரும் ஊற்றுகள் இந்த மேட்டுநிலம் முழுக்க அங்கங்கே உண்டு. பெயர் பெற்றவை லோங் மிடாங் ஊற்றுகள். சரவாக் பக்கம் பா கெலாலானிலும் பாரியோவிலும்கூட இதே மாதிரி இருக்கின்றன.

கிணறு போலக் கட்டிய ஊற்றிலிருந்து வாளியில் மொண்டு, ஒரு கொட்டகைக்குள் நீளமான அடுப்பின் மேல் இருக்கும் பெரிய தகர அண்டாவில் ஊற்றுகிறார்கள். அடியில் கட்டை கட்டையாக விறகு. பகலும் இரவும் தீ அணையக் கூடாது. தண்ணீர் வற்ற வற்ற மேலே புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் அடியில் வெள்ளைக் கூழ் மாதிரி திரளும், அதை வழித்தெடுத்து வடியவிட்டு உலர்த்துவார்கள். பழைய முறையில் அந்த உப்பை மூங்கில் குழாயில் இறுக்கி அடைத்து நெருப்பில் சுடுவார்கள். மூங்கில் கருகி உரிந்ததும் உள்ளே கெட்டியான உப்புக் கட்டி இருக்கும். இலையில் சுற்றிக் கட்டி வைத்தால் ஈரம் பிடிக்காது, தோளில் போட்டுக்கொண்டு எவ்வளவு தூரமும் நடக்கலாம்.

கொட்டகைக்குள் புகை கண்ணைக் கரிக்கும். வேலையில் பாதி விறகு வெட்டிச் சுமப்பதுதான். ஊற்று தனி ஆள் சொத்து இல்லை. குடும்பங்கள் முறை வைத்துக் காய்ச்சுகின்றன.

தினசரி என்ன சாப்பிடுவாங்க?

சோறுதான், ஆனால் வடிவம் வேறு. சோற்றை நன்றாகக் குழைய வேகவைத்து, மசித்து, அகலமான காட்டு இலையில் பொதிந்து வைப்பார்கள். அதற்கு லுபா லாயா என்று பெயர். வயலுக்கும் காட்டுக்கும் போகிறவர் பையில் அந்தப் பொட்டலம் இருக்கும். கூடத் தொட்டுக்கொள்ள மீன், காட்டுக் கீரை, காட்டுப்பன்றி இறைச்சி. கீரை போட்டுக் காய்ச்சும் பித்தெர் என்ற கஞ்சியும் உண்டு. மேலே சொன்ன உப்பு எல்லாவற்றிலும் சேரும்.

முன்னாடி தலை வெட்டுற ஜனமாமே? பயமா இருக்காதா?

போர்னியோவின் பல குடிகளில் அந்தப் பழக்கம் இருந்தது. லுன் தாயே மக்களிடமும் இருந்தது. சண்டையில் வென்று வந்தால் மண்ணைக் குவித்து முதலை உருவம் செய்து, அதைச் சுற்றி விருந்து நடத்துவார்கள். அந்த மண் முதலைகளின் தடமும், பெரியவர்கள் இறந்தபோது குவித்த கற்குவியல்களும் கிராயானில் இன்னும் இருக்கின்றன. லோங் பவான் விமான நிலையத்துக்குப் பெயர் தந்த யுவாய் செமாரிங் அந்தக் காலத்துக் கதைகளில் வரும் வீரர். அவர் பெயரில் ஒரு பாறைக் குன்றும் உண்டு.

1930களில் அமெரிக்க மிஷனரிகள் வந்தபின் கொஞ்ச காலத்திலேயே கிட்டத்தட்ட எல்லாரும் கிறிஸ்தவர்களானார்கள். அரிசிக் கள்ளும் இறப்புச் சடங்குப் பெருவிருந்துகளும் கைவிடப்பட்டன. இன்று ஞாயிற்றுக்கிழமை முழு ஊரும் தேவாலயத்தில் இருக்கும். மூங்கில் குழல்களையே கருவிகளாக்கி வாசிக்கும் பெரிய இசைக்குழுக்கள் ஊருக்கு ஊர் உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பழக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜனத்தை அளப்பது நியாயமில்லை. அதிலும் அடுத்த பதிலைப் படித்த பிறகு அப்படிக் கேட்க மனம் வராது.

இவ்வளவு ஒதுக்குப்புறமான ஊரில் சரித்திரம்னு ஏதாவது நடந்திருக்குமா?

ஜப்பானியர் போர்னியோவைப் பிடித்து வைத்திருந்த காலம். 1944 நவம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தப்பியவர்களை லுன் தாயே மக்கள் மாதக்கணக்கில் ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள். காட்டிக்கொடுத்தால் பரிசு, மறைத்தால் மரணம் என்ற நிலைமையில் அதைச் செய்தார்கள். 1945 மார்ச் 25 அன்று நேச நாட்டுச் சிறப்புப் படையினர் பாரியோவில் பாராசூட்டில் இறங்கினார்கள். பிறகு அவர்கள் கிராயான் பக்கத்துப் பெலாவிட்டுக்குத் தளத்தை மாற்றினார்கள். அங்கே ஈர வயலில் விமானம் இறங்க வழியில்லை. ஊர் மக்கள் மூங்கிலை வெட்டிப் பரப்பி ஓடுதளமே அமைத்தார்கள். சின்ன விமானங்கள் அதில் இறங்கி, ஒளிந்திருந்த அமெரிக்கர்களை ஏற்றிப்போயின.

அடுத்தது 1963 முதல் 1966 வரை, மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல். லோங் பவான் இந்தோனேசியப் படைத்தளம் ஆனது, எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் படை. மாமன் மச்சான் இரண்டு பக்கமும் இருக்க, நடுவில் பீரங்கி. 1965 செப்டம்பரில் இந்தோனேசிய விமானப்படையின் ஹெர்குலஸ் விமானம் ஒன்று தன் தரப்புத் துப்பாக்கியாலேயே தவறாகச் சுடப்பட்டு லோங் பவானுக்குப் பக்கத்தில் விழுந்தது.

சரி, ஒரே ஜனம்னா நடுவில் கோடு போட்டது யார்?

பிரிட்டனும் ஹாலந்தும். 1891ல் ஒப்பந்தம், பிறகு 1915லும் 1928லும் திருத்தங்கள். மலை முகட்டில் எந்தப் பக்கம் மழைநீர் ஓடுகிறதோ அதை வைத்துப் பெரும்பாலும் கோடு பிரித்தார்கள். நதி எங்கே ஓடுகிறது என்று பார்த்தார்கள், யாருக்கு யார் சொந்தம் என்று பார்க்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு நாடுகளும் அதே கோட்டை எடுத்துக்கொண்டன.

அப்போ அவங்க இஷ்டத்துக்கு எல்லை தாண்டலாமா?

இஷ்டத்துக்கு இல்லை. எல்லையோரம் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிறப்பு அனுமதிச் சீட்டு உண்டு. லோங் மிடாங்கில் ராணுவச் சாவடி இருக்கிறது, அங்கே காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் பா கெலாலான் போய் வரலாம். நடவுக் காலத்தில் கூலிக்குப் போகிறவர்கள், அரிசி மூட்டை கொண்டுபோகிறவர்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறவர்கள் என்று நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். இங்கும் அங்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஜகார்த்தாதான் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது.

சாமானுக்குக் கணக்கு உண்டு. 1970ல் இரண்டு நாடுகளும் போட்ட எல்லை வணிக ஒப்பந்தப்படி ஒரு ஆளுக்கு மாதம் 600 ரிங்கிட் மதிப்புள்ள பொருள்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம். 1970ல் அது பெரிய தொகை. விலைவாசி எங்கேயோ போய்விட்ட பிறகும் அதே 600 ஐம்பது வருடத்துக்கு மேல் நீடித்தது. 2023 ஜூனில்தான் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தோனேசிய அரசு 2019ல் புதிதாகக் கட்ட உத்தரவிட்ட 11 எல்லைச் சாவடி வளாகங்களில் லோங் மிடாங்கும் ஒன்று.

எல்லையை மூடிட்டா என்ன ஆகும்?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மலேசியா எல்லையை மூடியபோது தெரிந்தது. சர்க்கரை, எண்ணெய், எரிவாயு, பெட்ரோல் தட்டுப்பாடு, இருந்ததற்கும் ஏறிய விலை. வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் இருந்ததால் அரிசியும் தேங்கியது. அரிசி, உப்பு, கீரை, மீன் எல்லாம் சொந்தமாக இருந்ததால் பட்டினி இல்லை. ஆனால் கட்டிக்கொண்டிருந்த வீடு சிமென்ட் இல்லாமல் நின்றது, வண்டிக்கு எண்ணெய் இல்லை.

அவங்க அரிசி மலேசியப் பெயரில் விற்குதுன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

கிராயான் விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லும் மனக்குறை இது. மூட்டையாக எல்லை தாண்டும் அரிசி, அந்தப் பக்கம் போனதும் பையும் பெயரும் மாறிவிடுகிறது. சரவாக்கின் பாரியோ அரிசி புகழ்பெற்றது, அதுவும் இதே மேட்டுநிலத்து நெல்தான். அதனால் தின்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, விளைவித்தவருக்கு விலையிலும் பெயரிலும் நஷ்டம். புவிசார் குறியீடு சட்டக் காகிதம். அதை வைத்து வழக்காட லோங் மிடாங் விவசாயியால் முடியுமா?

இரண்டு பக்கத்து மக்களும் இதைச் சண்டையாக்காமல் பேச ஒரு மேடை வைத்திருக்கிறார்கள். 2004ல் உருவான ஃபோர்மதாட் என்ற மேட்டுநிலப் பூர்வகுடிகள் அமைப்பு அது. கிராயான், பாரியோ, பா கெலாலான் எல்லாம் அதில் உண்டு. ரசாயனமில்லாத விவசாயம், காடு, சுற்றுலா மூன்றையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

இவ்வளவு சொல்றீங்க, அவங்க மலேசியாவோடு சேர்ந்துடலாம்னு நினைக்க மாட்டாங்களா?

இந்தக் கேள்வியை ஜகார்த்தா பத்திரிகைகளும் அடிக்கடி எழுப்பும். ரிங்கிட் வைத்திருப்பதும் (மேலே சொன்ன காரணம்) நாடு மாற விரும்புவதும் ஒன்றல்ல. மோதல் காலத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் வேலைக்கும் பள்ளிக்குமாகக் கடற்கரைப் பக்கமும் சபா, சரவாக் பக்கமும் இறங்கிப் போனது உண்மைதான். இருக்கிறவர்கள் கேட்பது வேறு: சாலை, மருத்துவர், ஆசிரியர், கிராயானைத் தனி மாவட்டமாக்குவது. கடைசிக் கோரிக்கை பல வருடப் பழசு. புது மாவட்டங்கள் உருவாக்குவதை இந்தோனேசிய அரசு 2014லிருந்து நிறுத்தி வைத்திருப்பதால் அது நகரவில்லை. நுனுக்கான் ஒரு தீவு நகரம். மாவட்டத் தலைமையகத்தில் ஒரு கையெழுத்துக்காக விமானம் ஏற வேண்டியிருக்கிற ஜனம் இப்படிக் கேட்பதில் என்ன அதிசயம்?

நாங்க போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக, ஆனால் இந்தோனேசியா வழியாக விமானத்தில். மேலே சொன்ன அனுமதிச் சீட்டு எல்லையோர மக்களுக்கு மட்டும், அதனால் பா கெலாலான் வழியாக நடந்து போய்விடலாம் என்று கிளம்ப வேண்டாம். பையைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நாளுக்கு அடுத்து இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேகம் யாருக்காகவும் விலகாது. ரொக்கம் வேண்டும். தங்குவது பெரும்பாலும் வீடுகளில்தான். உப்புக் கொட்டகையில் வேலை நடக்கும்போது கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

முழுசா நல்ல ரோடு வந்துட்டா இந்த அரிசி, உப்பு, காடு எல்லாம் என்ன ஆகும்?

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கேள்வி. ‘ரோடு வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’ என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. பிரசவ வலியில் விமானத்துக்குக் காத்திருப்பது நாம் இல்லை. சாலை வர வேண்டும் என்றுதான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள், நானும் அவர்கள் பக்கம்தான்.

அதே சமயம் சாலையோடு மரம் வெட்டும் லாரி வரும், மலிவான உரமும் களைக்கொல்லியும் வரும், தாழ்நில அரிசி வரும். 2007ல் புருனே, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் சேர்ந்து ‘போர்னியோவின் இதயம்’ என்ற பெயரில் இந்த மலைக்காடுகளைக் காப்பதாக அறிவித்தன. கிராயான் அதற்குள்தான் வருகிறது. ஆனால் எந்தச் சரிவில் மரம் வெட்டினால் எந்த வயலுக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான். வழக்கப்படி அவர்களுக்கு இருக்கும் நில உரிமை அரசுப் பதிவேட்டிலும் ஏற வேண்டும், அதுவும் லாரிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால். உப்புக் கொட்டகை விறகுக்கும் எருமை மேய்ச்சலுக்கும் எது பொது நிலம் என்பது இன்று வாய்வார்த்தையில் இருக்கிறது. வெளியாள் பணத்தோடு வந்து நிலம் கேட்கும்போது அந்த வாய்வார்த்தை நிற்காது.